நாற்பது கிலோவுக்கு ஆறு கடைகள்

இந்த நகரத்தில் பேர்பெற்ற சாப்பாட்டுக் கடைகள் இருபது என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. அந்த இருபதில் பதினெட்டின் தலைக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவிய ஆள் ஒருவர்தான். சிம்னி என்று கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. அடுப்புக்கு மேலே தொங்கும் தகரக் கூண்டு, அதிலிருந்து கூரைக்கு ஏறும் புகைக்குழாய், இரண்டையும் இருபத்தாறு வருஷம் சுரண்டிச் சுரண்டி அந்தப் பெயர் அவர்மேல் படிந்துவிட்டது. காஸ்டிக் சோடா கரைத்த வெந்நீரை அடிப்பார், பிசுக்கு இளகும், தகட்டால் வழிப்பார். வழித்து முடித்ததும் சுவரில் ஒரு அட்டை மாட்டுவார்: சுத்தம் செய்த தேதி, அடுத்த தேதி, கையெழுத்து.

பிசுக்கை அவர் படிப்பதுபோல் பேராசிரியர்கள் புத்தகம் படித்ததில்லை. விரலில் உருட்டி வெளிச்சத்தில் பிடிப்பார். தேன் நிறம் என்றால் எண்ணெய் புதுசு. தார் நிறம் என்றால் முதலாளி புதுசாகக் கார் வாங்கியிருக்கிறார். ஒருமுறை மூன்று அடுக்காகப் படிந்திருந்ததைப் பார்த்து, "இங்க சமையக்காரர் மாறிட்டாரே" என்றார். மாறி ஒன்பது நாள் ஆகியிருந்தது. இன்னொருமுறை, சமையற்காரர் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறார் என்றுகூடச் சொல்லியிருக்கிறார். தீயை வெறுப்பில் ஏற்றி வைத்தால் பிசுக்கு பொரிபொரியாக நிற்குமாம். நம்ப விருப்பமில்லாதவர்கள் தகடு எடுத்துக்கொண்டு தாங்களே ஏறிப் பார்க்கலாம்.

பதினெட்டுக் கடையிலும் அவர் ஒரு கவளம்கூடச் சாப்பிட்டதில்லை. மத்தியான வியாபாரம் முடிந்து அடுப்பு அணைந்த பிறகு பின்வாசல் வழியாகப் போவார். சாயங்கால அடுப்பு பற்றவைக்கும் முன்னால் அதே வாசல் வழியாக வெளியேறுவார். கடையின் முகம் அவருக்குத் தெரியாது.

இன்னொன்றும் உண்டு, வீட்டில் யாருக்கும் அவர் சொல்லாதது. பதினோரு வருஷத்துக்கு முன்னாலேயே அவருடைய மூக்கு செத்துப்போயிருந்தது. காஸ்டிக் ஆவி கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. மூக்கு போனதும் வாய்க்கும் பாதிப் பார்வை போய்விட்டது. உப்பு தெரியும், புளிப்பு தெரியும், இனிப்பு தெரியும். அது மீனா முட்டையா என்று கண்ணைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். சொன்னால் மனைவி வேலையை விடச் சொல்வாள். தவிர, தன் சமையலைப் பற்றி அவளுக்கு மலையளவு கர்வம். அதைக் கெடுப்பானேன் என்று தினமும் சாப்பிட உட்கார்ந்ததும் மூச்சை நன்றாக இழுத்து, "ஆகா, மணம்!" என்று சொல்லிவிடுவார்.

மனைவி சட்டை தைக்கும் பட்டறையில் பொத்தான் துளைகளுக்குக் காஜா போடுகிறவள். ஒரு மணி நேரத்தில் அறுபது காஜா, அதற்குள் அறுநூறு வார்த்தை. அவள் பக்கத்து மிஷினில் உட்கார்ந்தவர்கள் சிரித்துச் சிரித்தே ஊசியைக் கையில் ஏற்றிக்கொண்டதாகப் பட்டறையில் கதை இருக்கிறது. அறுபத்திரண்டு கிலோ இருந்தவள். வயிற்றில் வந்த நோய் அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தின்றுவிட்டது. முதல் சுற்று மருந்து ஏற்றிய பிறகு பசி என்ற ஒன்று அவள் உடம்பைவிட்டே கிளம்பிப் போய்விட்டது. இரண்டாம் சுற்றுக்குப் போன திங்கட்கிழமை முப்பத்தெட்டரை.

"நாற்பது இருந்தாத்தான் மருந்து ஏத்துவோம். அதுக்குக் கீழ உடம்பு தாங்காது. அடுத்த திங்கள் வாங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரிக் கூடத்தில் சீட்டுக்குக் காத்திருந்தபோது அவள் ஒரு பழைய பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தாள். 'ஒரே நாளில் நகரத்தின் ருசி' என்று தலைப்பு. தட்டு தட்டாகப் படங்கள்.

"இதுல ஒரு கடையிலாவது நாம உக்காந்து சாப்பிட்டிருக்கமா?" என்றாள்.

"பதினெட்டுக் கடை எனக்குத் தெரியும்."

"கூரை தெரியும்னு சொல்லுங்க." சிரித்தாள். பிறகு ஒரு படத்தில் விரலை வைத்து, "பாக்க நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். இரண்டு மாதமாகச் சாப்பாட்டைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. சிம்னி அதைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தை அப்படியே கிழித்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார், நர்ஸ் பார்க்கப் பார்க்க.

வீட்டுக்கு வந்ததும் மாதக் காலண்டரின் பின்பக்கத்தில் திட்டம் போட உட்கார்ந்தார். பத்திரிகை கொடுத்த வரிசையைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் வந்தது.

"இது தின்னத் தெரிஞ்சவன் போட்ட பட்டியல், சகலை. அடுப்பு தெரிஞ்சவன் போட்டதில்லை."

சகலை என்பது அவருடைய மனைவியின் அக்கா வீட்டுக்காரர். வாடகைக் கார் ஓட்டுகிறவர். உடம்பும் வயிறும் தாராளம். "நீ போடு, சகலை. நான் ஸ்டியரிங் பிடிக்கிறேன்" என்றார்.

சிம்னி போட்டார். மீன் பொரிக்கும் கடையில் சனிக்கிழமை காலையில்தான் எண்ணெய் மாற்றுகிறார்கள், ஆகவே சனிக்கிழமை. பன் கடையில் முதல் ஈடு தோல் தடிப்பாக வரும், ஏழே முக்காலுக்கு வரும் இரண்டாம் ஈடுதான் பஞ்சு. எலும்பு சூப் கடையில் பத்து மணிக்கு மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்துவிடுவார்கள். அதன் பிறகு குடித்தால் நோயாளி வயிறு ஏற்கும். முட்டைக் கடையில் பதினொன்று, ஏனென்றால் அந்த நேரத்தில் பெரிய சமையற்காரரே கல்லில் நிற்பார். பன்னிரண்டரைக்குப் பொரித்த மீன், எண்ணெயில் மூன்றாவது ஈடு, நிறம் ஏறுவதற்கு முன். மூன்று மணிக்குப் பால் புட்டிங். நாலரைக்கு ஐஸ்கிரீம். ஆறு கடை. ஒவ்வொன்றிலும் அவள் கால் தட்டு சாப்பிட்டால் போதும்.

"ஒரு நாள்ல ஒன்றரைக் கிலோ ஏறிடுமா, சகலை? நான்தான் அப்படி ஏறுவேன்" என்றார் சகலை.

"ஒரு நாள்ல ஏறாது. ஒரு நாள் பசி திரும்பினாப் போதும். ஞாயித்துக்கிழமை அதுவாக் கேக்கும். திங்கக்கிழமை எடை மெஷின்ல நின்னுக்கலாம்."

உள்ளே படுத்திருந்த மனைவி குரல் கொடுத்தாள்: "பொணத்துக்கு அலங்காரம் பண்ற மாதிரி ரெண்டு பேரும் உக்காந்து திட்டம் போடறீங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"வர்றியா?"

"அந்த நீலச் சட்டையைத் தேய்ச்சு வைங்க" என்றாள்.

சனிக்கிழமை காலை அவள் கால் மணி நேரம் போராடி ஒரு டம்ளர் பால் குடித்தாள். குடித்து முடித்துக் காலி டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினாள். நீலச் சட்டைக்குள் இன்னும் ஒரு ஆள் தாராளமாக இருக்கலாம். முன்சீட்டில் சிம்னி காலண்டர் தாளை மடியில் விரித்துக்கொண்டு வழி சொன்னார்.

"வலது பக்கம். அந்தச் சந்துக்குள்ள."

"சந்துக்குள்ளயா? கடை மெயின் ரோட்டுலல்ல இருக்கும்?"

"எனக்குத் தெரியாதா? இருபத்தாறு வருஷமா வர்றேன். திருப்பு சகலை."

இருபத்தாறு வருஷமாக அவர் வந்தது அந்தச் சந்து வழியாகத்தான். கடைக்குப் போக வேறு வழி இருக்கும் என்று அவருக்கு ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. கார் உள்ளே நுழைந்து நின்றது. ஒரு பக்கம் பன் கடையின் பின்கதவு. மறுபக்கம் நாலைந்து கடைகளின் குப்பைத் தொட்டி, வாரக்கணக்கில் எடுக்காத பழைய எண்ணெய்ப் பீப்பாய், மீன் கழுவிய தண்ணீர் ஓடும் சாக்கடை. சிம்னி ஒரு மாப்பிள்ளையைப் போல இறங்கிக் காரின் பின்கதவைத் திறந்து, "இறங்கும்மா, வந்தாச்சு" என்றார்.

அவள் ஒரு காலைத் தரையில் வைத்தாள். அடுத்த காலை வைக்கவில்லை. காரின் கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். காலையில் கால் மணி நேரம் போராடிக் குடித்த பால் அத்தனையும் வெளியே வந்தது. பால் தீர்ந்த பிறகும் உடம்பு நிறுத்தவில்லை.

"என்னாச்சு? என்னம்மா ஆச்சு?" சிம்னி அவள் முதுகைப் பிடித்துக்கொண்டார். "நல்லாத்தானே வந்தே?"

சகலை கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டு கத்தினார். "யோவ்! இந்த நாத்தத்துல கொண்டுவந்து நிறுத்திட்டு என்னாச்சுன்னா கேக்கற? எனக்கே குடலைப் புரட்டுது. உனக்கு மூக்குன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

சிம்னி அந்தச் சந்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். பீப்பாய் கண்ணுக்குத் தெரிந்தது, சாக்கடையும் தெரிந்தது, இருபத்தாறு வருஷமாகத் தெரிந்த அதே சந்து. மனைவி வாயைத் துடைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

சத்தம் கேட்டுப் பின்கதவு திறந்தது. மாவுக் கையோடு பன்காரர் எட்டிப் பார்த்து முகம் வெளுத்தார். "என்ன சிம்னி, இன்னைக்கா? அட்டையில அடுத்த மாசம்னுல்ல போட்டிருக்கு! அடுப்பு முழுக்க ஈடு வெந்துக்கிட்டிருக்குய்யா!"

"சுத்தம் பண்ண வரலை. சாப்பிட வந்தேன்."

"சாப்பிடவா? நீயா?" பன்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காருக்குள் பார்த்ததும் அடங்கிவிட்டது. இரண்டு பன்னைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். அவள் அதை மடியில் வைத்துக்கொண்டாள். சூடு மட்டும் நன்றாக இருக்கிறது என்றாள்.

சூப் கடைக்கு முன்வாசல் வழியாகவே போவோம் என்று தீர்மானமாயிற்று. எந்தத் தெருவில் முன்வாசல் என்று சிம்னிக்குத் தெரியவில்லை. சமையலறையில் எத்தனை பர்னர், எந்தப் பக்கத்துக் குழாயில் அடைப்பு என்றெல்லாம் தெரியும். மூன்று தெருவைச் சுற்றினார்கள். கண்டுபிடித்தபோது வாசலில் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். இந்தக் கடைக்கு வரிசை உண்டு என்பதும் அவருக்குப் புதுச் செய்தி. காலியான நாற்காலிகளை மேஜைமேல் கவிழ்த்து வைத்திருக்கும் இடமாகத்தான் அவருக்கு அதைத் தெரியும். வரிசை நகர்வதற்குள் அவள் சகலையின் தோளில் சாய்ந்துவிட்டாள். முட்டைக் கடைக்கு ஏறுவதற்குப் பதினாலு படி. அதுவும் போயிற்று. சிம்னி காலண்டர் தாளில் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார்.

மீன் கடையில் மட்டும் தெருவோரமாகவே மேஜை கிடைத்தது. காற்று தெருப்பக்கமிருந்து கடைக்குள் போய்க்கொண்டிருந்ததால் அவளால் உட்கார முடிந்தது. மூன்று தட்டு வந்தது. சகலை தன் தட்டோடு மரியாதையாக அடுத்த மேஜைக்குப் போய்விட்டார். தின்கிற சத்தம் கேட்கக் கூடாதென்று அவருக்கு ஒரு கூச்சம்.

"நீங்க சாப்பிடுங்க. சாப்பிட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க" என்றாள்.

சிம்னி ஒரு துண்டைக் கடித்தார். பழக்கம் விடவில்லை. மூச்சை இழுத்து, "ஆகா, மணம்!" என்றார்.

அவள் மேஜைமேல் கையை ஊன்றி முன்னால் சாய்ந்தாள். "போதும். பதினோரு வருஷமாக் கேட்டுட்டேன்."

"என்ன கேட்டுட்ட?"

"ஒருநாள் பட்டறைக்காரி ஒருத்தியோட வாசல்ல பேசிக்கிட்டு நின்னுட்டேன். அடுப்புல வச்ச குழம்பு கருகி, பாத்திரமே ஓட்டை விழுந்துபோச்சு. மாடி வீட்டுக்காரங்க தீப்பிடிச்சிருச்சுன்னு தண்ணி எடுத்துக்கிட்டு ஓடியாந்தாங்க. நீங்க வந்தீங்க, உக்காந்தீங்க, மேலாக இருந்ததை வழிச்சுப் போட்டுச் சாப்பிட்டீங்க, 'இன்னைக்கு மணம் தூக்குது'ன்னீங்க. நான் அடுக்களைக்குள்ள போய்ச் சிரிச்சேன். அப்புறம் அழுதேன்."

"ஏன் சொல்லலை?"

"நீங்க ஏன் சொல்லலை?"

தெருவில் ஒரு பஸ் போயிற்று. அது போகிறவரை இரண்டு பேரும் அதையே பார்த்தார்கள்.

"அப்ப எப்படிச் சாப்பிடறீங்க?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. வேலை கற்றுக்கொள்ள வந்தவள்போல் கேட்டாள். "எனக்கும் இப்ப எல்லாம் அட்டையை மெல்ற மாதிரித்தான் இருக்கு. தொண்டைக்கிட்ட வந்து நின்னுக்குது. பதினோரு வருஷம் எப்படி முழுங்கினீங்க?"

அவர் யோசித்தார். இதை யாரும் அவரிடம் கேட்டதில்லை, அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. "ருசியைத் தேடக் கூடாதும்மா. தேடினாத்தானே இல்லைன்னு தெரியும்? சூடு எவ்வளவுன்னு பாரு. பல்லுல என்ன சத்தம் வருதுன்னு கேளு. பத்து மெல்லு, பதினொண்ணாவதுல முழுங்கு. முழுங்கறப்ப வேற எதையாவது பாத்துக்கணும்."

"இது சாப்பாடா, டிரில் கிளாஸா?"

"வாயைத் திற."

ஒரு சின்னத் துண்டு. அவள் மென்றாள். அவர் விரலில் எண்ணினார். பதினொன்று. எதிரே போகிற ஒரு சைக்கிளைப் பார்த்துக்கொண்டே விழுங்கினாள். அடுத்தது. ஒரு நாய். அடுத்தது. ஜன்னலில் துணி உலர்த்துகிற ஒரு பெண். ஆறு வாய் உள்ளே போயிற்று. அடுத்த மேஜையில் சகலை மெல்வதை நிறுத்திவிட்டு அவளோடு சேர்ந்து விழுங்கிக்கொண்டிருந்தார். சிம்னியின் முகத்தைப் பார்த்திருந்தால் அவருக்குத்தான் பசி திரும்பிவிட்டது என்று நினைத்திருப்பீர்கள்.

ஏழாவதை வாயில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அவர் பதினொன்றைத் தாண்டி இருபது எண்ணினார், முப்பது எண்ணினார். அவள் கண்ணில் நீர் திரண்டது. காகிதத்தை எடுத்து அதில் துப்பி மடித்தாள்.

"முடியலைங்க."

"பரவால்ல. ஆறு போயிருக்கு."

"வீட்டுக்குப் போலாம்."

புட்டிங்கையும் ஐஸ்கிரீமையும் அவர் அடிக்கவில்லை. தாளையே நாலாக மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார். அவள் தட்டில் மீதி இருந்ததைத் தன் தட்டுக்கு மாற்றிக்கொண்டு, எதிரே தெருவைப் பார்த்தபடி முழுவதையும் தின்று முடித்தார். வீட்டில் தினமும் நடப்பதுதான்.

ஞாயிற்றுக்கிழமை பசி அதுவாகக் கேட்கும் என்று சொல்லியிருந்தார். அது கேட்கவில்லை. அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கஞ்சித் தண்ணீர் அரை டம்ளர், பிறகு வெறும் தண்ணீர். மணிக்கொருதரம் அவர் ஒரு கிண்ணத்தோடு வந்து நிற்பார். "மெல்ல வேண்டாத ஐட்டம்மா" என்பார். அவள் கண்ணைத் திறக்காமலே தலையை அசைப்பாள். கிண்ணம் அடுக்களைக்குத் திரும்பிப் போகும்.

திங்கட்கிழமை எடை பார்க்கும் அறைக்குள் போகும்போது நர்ஸ் அவள் குளிருக்குப் போட்டிருந்த கோட்டைக் கழற்றச் சொன்னாள். கோட்டை வாங்கியவள் கை தாழ்ந்தது. கோட்டின் பைக்குள் கையை விட்டுப் பிசுக்கு வழிக்கும் இரும்புத் தகடு இரண்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"நான் வைக்கலை சிஸ்டர்" என்றாள் மனைவி.

சிம்னி கூரையைப் பார்த்தார்.

"தினம் பாக்கிறதுதாம்மா" என்றாள் நர்ஸ். "போன மாசம் ஒருத்தர் தன் அம்மா இடுப்புல இஸ்திரிப் பெட்டியையே கட்டிக் கூட்டிட்டு வந்தாரு. ஏறுங்க."

ஏறினாள். முப்பத்தேழு கிலோ அறுநூறு.

நர்ஸ் உள்ளே போய் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வந்தாள். இந்த வாரம் மருந்து இல்லை. இரண்டு வாரம் பார்க்கலாம். அப்போதும் நாற்பது வரவில்லையென்றால் அலைய வேண்டாம், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லச் சொன்னாராம். இதைச் சொல்லும்போது அவள் சீட்டைப் பார்த்துச் சொன்னாள்.

இரண்டு வாரத்தில் வராது என்று அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும். மெஷினுக்கும் தெரிந்திருக்கும். மனைவி கோட்டை மாட்டிக்கொண்டாள். பொத்தானை ஒவ்வொன்றாகப் போட்டாள். காஜா இழுத்திருக்கிறது, யார் போட்டதோ என்றாள். பிறகு, "சிஸ்டர், இவரையும் ஒருதரம் நிறுத்துங்க" என்றாள்.

"அவரை எதுக்கும்மா?"

"சும்மா. எனக்காக."

சிம்னி ஏறினார். செருப்பைக் கழற்றிவிட்டு, கையைத் தொங்கப்போட்டு, போட்டோவுக்கு நிற்பவர்போல் நின்றார். எழுபத்தொன்று.

"மூணு மாசம் முன்னாடி வேலை இடத்துல பாத்தப்ப அறுபத்தாறு" என்றாள் மனைவி. நர்ஸைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். "பாத்தீங்களா? என்னோடது முழுசாத் தொலைஞ்சு போகலை சிஸ்டர். நான் மிச்சம் வச்சதுல அஞ்சு கிலோ இவர்கிட்டத்தான் இருக்கு."

நர்ஸுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. கதவுக்கு வெளியே அடுத்த நம்பரைக் கூப்பிட்டார்கள்.

"அய்யா, இறங்குங்க."

அவர் இறங்கவில்லை. காலடியில் ஒளிர்ந்த அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். உதறினால் குறையும் என்பதுபோல் ஒருமுறை கையை உதறினார். அது எழுபத்தொன்றாகவே இருந்தது.

"இறங்குங்க. ஆளுங்க நிக்கிறாங்க" என்று மனைவி கையை நீட்டினாள். மணிக்கட்டு எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. பிடித்துக்கொண்டு இறங்கினால் தன் கனம் முழுவதும் அதன்மேல் விழும் என்று அவர் அதைப் பிடிக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.